கன்றுப் பேரணிக்கு ஆறு மாதத் தயாரிப்பு

செவ்வாய்க்கிழமை புதுச்சேரிப் பக்கம் மதகடிப்பட்டுச் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், அப்புறம்தான் விலைக்கு வருவார். கால்நடைத் துறை நடத்தும் கன்றுப் பேரணியில் கதையே வேறு. அங்கே நடுவராக நிற்கும் கால்நடை டாக்டருக்குச் சுழி கணக்கில்லை. வயசுக்கேற்ற எடை இருக்கிறதா, விலா எலும்பு துருத்தாமல் இருக்கிறதா, நாலு காலும் நேராக ஊன்றுகிறதா, காம்புகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா, காது வில்லை மாட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

மடுகரை, கரியமாணிக்கம், பண்டசோழநல்லூர் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு மாடாவது கட்டியிருக்கிற குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளில் கால்நடையை வைத்தே பிழைப்பு நடத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. சொல்ல வருவது இதுதான்: பேரணியில் மதிப்பெண் வாங்கித் தருகிற ஒவ்வொன்றும் பின்னாளில் பால் சங்கத்தில் காசாகிற விஷயம். பரிசுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். வேலையைப் பேரணித் தரத்தில் செய்தால் போதும்.

கணக்கைப் பாருங்கள். ஒழுங்காக வளர்த்த கலப்பினக் கிடேரி 15 முதல் 18 மாதத்துக்குள் 250 கிலோவை எட்டி சினை ஊசிக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். அப்படியானால் இரண்டு, இரண்டேகால் வருஷத்தில் முதல் ஈற்று. கவனிப்பில்லாத கிடேரி முதல் கன்று போட மூன்று வருஷத்தையும் தாண்டும். நடுவில் போகிற அந்த ஒரு வருஷத் தீவனமும் பால் வராமல் தின்ற தீவனம்.

எந்தக் கன்றைத் தேர்ந்தெடுப்பது?

பேரணிகள் பெரும்பாலும் சினை ஊசியில் பிறந்த கிடேரிக் கன்றுகளுக்கானவை. வயசு வாரியாகப் பிரித்துத்தான் நிறுத்துவார்கள். ஆகவே சினை ஊசி போட்ட தேதி, எந்தக் காளையின் விந்து, கன்று பிறந்த தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். "தை மாசம் பொறந்துச்சுங்க" என்பது பேரணியில் பிறந்த தேதியாகாது. ஒரே பிரிவுக்குள் சில வாரம் மூத்த கன்று உருவத்தில் தெரியும் என்பதால், எந்தத் தேதி வரைக்கும் எந்தப் பிரிவு என்பதை அறிவிப்பு வந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து வெயிலுக்கு ஜெர்சி கலப்பினம் தாங்கும். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பு பால் அதிகம் தரும், ஆனால் நிழல், தண்ணீர், தீவனம் எல்லாம் கூடுதலாகக் கேட்கும். தாயின் பால் அளவையும் குணத்தையும் பாருங்கள். உதைக்கிற மாட்டின் கன்றைக் கயிற்றில் பழக்கக் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

பிறந்த வாரத்திலேயே மூன்று இடத்தைத் தடவிப் பாருங்கள்: தொப்புளில் வீக்கம் உண்டா, முட்டிக்கால் வளைந்திருக்கிறதா, நாலு காம்புக்கு மேல் கூடுதலாகச் சின்னக் காம்பு முளைத்திருக்கிறதா. கூடுதல் காம்பை இளம்வயதிலேயே டாக்டர் நீக்கிவிடுவார். வளர்ந்த பிறகும் விட்டுவைத்தால் கறவையில் தொல்லை, மடி நோய்க்கும் வழி.

முதல் பத்து நாள்

கன்று விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாளுக்கு அளவு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், நாலைந்து வேளையாகப் பிரித்து. நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் சீம்பால் விடலாம் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. நோயை எதிர்க்கும் சத்தைக் குடல் உறிஞ்சும் நேரமே முதல் சில மணிகள்தான். காத்திருந்தால் அதைத்தான் இழக்கிறோம்.

தொப்புள்கொடியை உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, சுத்தமான கத்தரியால் வெட்டி, டிஞ்சர் அயோடின் வையுங்கள். கொம்புக் குருத்தைச் சுடுவதென்றால் பத்துப் பதினைந்து நாளுக்குள் டாக்டரைக் கொண்டு செய்துவிடுங்கள். பத்தாம் நாள் வாக்கில் முதல் பூச்சி மருந்து. இத்தனை சின்னக் கன்றுக்கு ஏது பூச்சி என்று கேட்கலாம். உருண்டைப் புழுவின் குஞ்சுகள் தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு இறங்கும்.

தீவனம்: உள்ளூரில் கிடைப்பதைச் சரியாக

இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தை ஒரு கைப்பிடி வாயில் காட்டிப் பழக்குங்கள். வீட்டிலேயே கலக்க 100 கிலோவுக்கு ஒரு கணக்கு: மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 35, கோதுமைத் தவிடு 17, தாது உப்பு 2, சாதா உப்பு 1. இதில் புரதம் சுமார் 20 விழுக்காடு வரும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் மூட்டையோடு திருப்பிக் கொடுங்கள். பூஞ்சை நஞ்சு கன்றின் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். பெரிய மாட்டுத் தீவன மூட்டையில் யூரியா சேர்ந்திருக்கக்கூடும்; ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு அது ஆகாது.

பசுந்தீவனத்துக்கு வரப்போரம், கிணற்று மேடு, வேலிக்கால் இருந்தாலே ஆரம்பிக்கலாம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணை, வேலிமசால், அகத்தி இந்த மூன்றும் இருந்தால் புல்லும் பயறும் மரத்தழையும் கலந்துவிடும். இரண்டு எச்சரிக்கை. முதலாவது, கரும்பு வெட்டும் பருவத்தில் கொழுந்தாடை சும்மா கிடைக்கிறதென்று அதையே தினமும் போடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தாது உப்பு இல்லாமல் கொழுந்தாடை மட்டும் தின்ற கன்றின் எலும்பு பேரணியில் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, பூக்காத இளஞ்சோளமும் தண்ணீரின்றி வாடிய மறுதாம்புச் சோளமும் நஞ்சு. பூத்த பிறகு வெட்டிப் போடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் தினமும் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். பாசி பிடித்த தொட்டியில் கன்று குறைவாகத்தான் குடிக்கும். குறைவாகக் குடித்தால் குறைவாகத்தான் தின்னும்.

ஊசியும் மருந்தும்

ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை பூச்சி மருந்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மருந்தையும் அளவையும் டாக்டர் சொல்லட்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுவுக்குப் பழகிவிடும்.

கோமாரிக்கு முதல் ஊசி நாலாவது மாதத்தில், ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. கன்று வீச்சு நோய்க்கான புருசெல்லா தடுப்பூசி கிடேரிக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை. இரண்டையும் ஒன்றிய அரசு 2019இல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அப்போதுதான் காதில் 12 இலக்க வில்லையும் மாட்டுவார்கள். "காது கிழிஞ்சிடும், வேணாம்" என்று தடுக்காதீர்கள். வில்லை இல்லாத கன்றுக்குப் பேரணியிலும் காப்பீட்டிலும் பேர் கிடையாது.

ஊசி போட்ட ஓரிரு நாள் சில கன்றுகளுக்குக் காய்ச்சல் அடிக்கும், தீனி குறையும். எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே பேரணிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே ஊசி வேலையை முடித்துவிடுங்கள். பல ஊர்க் கன்று சேருகிற இடத்துக்கு ஊசி போடாத கன்றைக் கூட்டிப் போவது உங்கள் கன்றுக்கும் ஆபத்து, ஊர்க் கன்றுகளுக்கும் ஆபத்து.

டேப்பும் நோட்டும்

தராசு இல்லாமல் எடை பார்க்கத் தையல்காரர் டேப் ஒன்று போதும். கன்றைச் சமதரையில் நிறுத்தி, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போடுங்கள். இறுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. டேப்புக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவு. அடுத்து தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு முனை வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை. சுற்றளவு 40, நீளம் 36 என்றால்: 40 × 40 × 36 = 57,600. அதை 660ஆல் வகுத்தால் 87 கிலோ.

காலைத் தீனிக்கு முன்னால், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரே ஆள் அளக்க வேண்டும். நாளுக்கு 400 முதல் 500 கிராம் ஏறினால் கலப்பினக் கன்று நல்ல பாதையில் போகிறது. இரண்டு அளவில் ஏற்றம் நின்றுபோனால் மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

இதையெல்லாம் எழுத நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எடை, கொடுத்த தீவனம், ஊசி, மருந்து, செலவு என்று ஆறு பத்தி. இந்த நோட்டுதான் பேரணியில் உங்கள் வாய்க்குப் பதிலாகப் பேசும். வங்கியில் கடன் கேட்கும்போதும், கிடேரியை விற்கும்போதும் இதையே எடுத்துக் காட்டலாம்.

கயிற்றுப் பழக்கம்

எடையும் நிறமும் நன்றாக இருந்தும் நாலு பேர் இழுத்து வருகிற கன்று பின்தங்கிவிடும். நடுவரால் அதன் நடையைப் பார்க்க முடியாது. மூன்று மாதம் முன்னாலேயே பழக்க ஆரம்பியுங்கள்.

முதல் வாரம் தலைக்கயிறு போட்டுக் கட்டி, அருகில் உட்கார்ந்து தாடையையும் கழுத்தையும் சொறிந்து விடுங்கள். அடுத்து பத்து நிமிட நடை. கன்றின் இடப்பக்கம் நின்று, தாடைக்கு ஒரு சாண் தள்ளிக் கயிற்றைப் பிடியுங்கள். கன்று நின்றால் இழுக்காதீர்கள். இழுத்தால் காலை ஊன்றிக்கொள்ளும். கயிற்றில் லேசான பிடி மட்டும் வைத்திருந்து, அது ஓர் அடி எடுத்து வைத்த அந்த நொடியே பிடியைத் தளர்த்துங்கள். நடந்தால் தளர்கிறது என்று கன்று கண்டுகொள்ளும். கடைசி மாதத்தில் தெருவில் டூவீலர் சத்தம், மைக் சத்தம், வேற்று ஆட்கள் நடுவே நடத்துங்கள். முன்பின் அறியாத ஒருவரைக் கூப்பிட்டு விலா, முதுகு, மடி, குளம்பு என்று தொடச் சொல்லுங்கள். பேரணியில் நடக்கப்போவது அதுதான்.

கடைசி வாரமும் அந்தக் காலையும்

தீவனத்தை மாற்றவே மாற்றாதீர்கள். "தெம்பா இருக்கட்டும்" என்று அரிசிக் கஞ்சியும் தானியமும் கூடுதலாக வைத்தால் வயிறு உப்பி, சாணம் இளகி, களத்தில் சோர்ந்து நிற்கும். குளம்பை ஒரு வாரம் முன்பே சீவுங்கள். முந்தின நாள் சீவினால் நொண்டும். உண்ணி மருந்து போட்டால் பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

மாட்டுப் பொங்கல் அலங்காரம் வேறு, பேரணி வேறு. கொம்புக்குப் பெயின்ட், உடம்பில் மஞ்சள் குங்குமம், நெட்டி மாலை எதுவும் வேண்டாம். தோலும் முடியும்தான் தெரிய வேண்டும். முந்தின நாள் மத்தியானம் குளிப்பாட்டி, நிழலில் காயவிட்டு, தேங்காய் நார்ப் பிரஷால் முடி படிகிற திசையில் தேய்த்தால் போதும். எண்ணெய் பூசினால் புழுதி ஒட்டும்.

விடிகாலை வெயிலுக்கு முன் குட்டியானை வண்டியில் ஏற்றுங்கள். தரையில் வைக்கோல் பரப்பி, வண்டி போகிற திசையில் முகம் வைத்துக் கட்டுங்கள். வீட்டு வாளியும் வீட்டுத் தண்ணீரும் கூடப் போகட்டும். புது இடத்துத் தண்ணீரைப் பல கன்றுகள் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்.

களத்தில்

நடுவருக்கும் கன்றுக்கும் நடுவில் நிற்காதீர்கள். அவர் சுற்றி வரும்போது நீங்களும் தலைப்பக்கமாக நகருங்கள். கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

"எப்ப பூச்சி மருந்து குடுத்தீங்க தம்பி?"

"எல்லாம் ஒழுங்கா குடுத்துட்டுதாங்க இருக்கோம் டாக்டர்." இதற்கு மதிப்பெண் இல்லை.

"போன மாசம் எட்டாம் தேதி டாக்டர். கன்னு அப்ப 80 கிலோ. நோட்டுல இருக்கு, பாருங்க." இதற்கு உண்டு.

பன்றி வளர்ப்பவர்களுக்கு

அமெரிக்காவில் கிராமப்புறக் கண்காட்சிகளில் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த பன்றியைக் களத்தில் நடத்திக் காட்டுவது பெரிய நிகழ்ச்சி. நம் பக்கம் பன்றிக்கு அப்படி மேடை இல்லை. ஆனால் வெண்பன்றி வளர்ப்பு நல்ல தொழில். சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பன்றி ஆராய்ச்சி நடத்துகிறது. அங்கே உருவான 'தனுவாஸ் கேபிஎம் கோல்டு' இந்த வெயிலுக்கென்றே வந்த இனம்.

கண்காட்சித் தரம் இங்கேயும் பண்ணைத் தரம்தான். இனப்பெருக்கத்துக்கு எடுக்கும் பெட்டைக் குட்டிக்குக் குறைந்தது 12 காம்பு இருக்க வேண்டும். குட்டிகள் அத்தனைக்கும் பால் எட்ட வேண்டுமே. பன்றியைக் கயிற்றில் கட்டி நடத்த முடியாது. அமெரிக்கப் பிள்ளைகள் கையில் ஒரு மெல்லிய கோல்தான் வைத்திருப்பார்கள். தோளில் லேசாகத் தொட்டுத் திருப்புவார்கள். தினமும் காலைக் குளிர்ச்சியில் பத்து நிமிடம் நடத்தினால் பழகிவிடும். பண்ணையில் எடை போடவும் வண்டி ஏற்றவும் இந்தப் பழக்கம் உதவும், அடிதடி வேண்டியதில்லை.

பன்றிக்கு வியர்க்காது, வெள்ளைத் தோல் வெயிலில் வெந்துவிடும். நிழலும் உடம்பில் தெளிக்கத் தண்ணீரும் இல்லாமல் சித்திரையைத் தாண்ட முடியாது. எடைக்கு அதே டேப், அங்குலக் கணக்கு: நெஞ்சுச் சுற்றளவு × நெஞ்சுச் சுற்றளவு × நீளம், அதை 880ஆல் வகுத்தால் கிலோ.

நோய் விஷயத்தில் பன்றிக்காரர் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, போட்டுவிடலாம். 2020இல் அசாம், அருணாசலம் வழியாக இந்தியாவில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை. வந்தால் பண்ணையே காலி. ஓட்டல் மிச்சத்தைத் தீனியாகப் போடுகிறவர்கள் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே போட வேண்டும். வெளியே போய் வந்த பன்றியையும், புதிதாக வாங்கியதையும் மூன்று வாரம் தனியாக அடைத்து வையுங்கள். கொட்டகை போடுவதற்கு முன் கொம்யூன் பஞ்சாயத்தில் அனுமதி, அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை, கழிவுக்குக் குழி மூன்றையும் முடித்துவிடுங்கள்.

பரிசுக்குப் பிறகு

பேரணிப் பரிசு பெரும்பாலும் தாது உப்பு, தீவன மூட்டை, பாத்திரம் என்ற அளவில்தான் இருக்கும். அதன் பலன் வேறு வழிகளில் வரும்.

விற்பனை: பேரணியில் இடம் பிடித்த, நோட்டு வைத்துள்ள சினைக் கிடேரிக்கு ஊருக்குள்ளேயே ஆள் வரும். தரகு இல்லாமல் விற்கலாம்.

கடன், மானியம்: விவசாயக் கடன் அட்டை 2019 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றி, ஆடு, நாட்டுக்கோழிப் பண்ணைகளுக்கு மூலதனத்தில் 50 விழுக்காடு மானியம்; பன்றிப் பண்ணைக்கு உச்சவரம்பு 30 லட்ச ரூபாய். மானியம் கடனோடு சேர்ந்து வருவது. முதலில் சின்ன அளவில் வளர்த்து, நோட்டில் லாபம் தெரிந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

பயிற்சி: நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் பெயரில் இன்றும் இயங்குகிறது. தீவனப்பயிர், கறவை மாடு, ஆடு வளர்ப்பு பற்றிய பயிற்சி அறிவிப்புகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை: கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை வருஷம், குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அத்தனை படிக்க வசதிப்படாதவர்கள் சினை ஊசிப் பயிற்சி பெற்றுக் கிராமத்திலேயே தொழில் செய்யலாம். ஒன்றிய அரசின் 'மைத்ரி' திட்டப் பயிற்சி மூன்று மாதம். பால் சங்கத்தில் பால் பரிசோதனை, தீவனக் கம்பெனிகளில் களப்பணி, பெரிய பண்ணைகளில் மேற்பார்வை இவற்றுக்கெல்லாம் நேர்காணலில் உங்கள் நோட்டை எடுத்து வையுங்கள். மாட்டைத் தெரியும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். ஆறு மாத எடைக் கணக்கைக் காட்டுகிறவர்கள் குறைவு.

பேரணி முடிந்து மேடையைச் சுற்றிக் கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடுவர் ஐந்து நிமிடம் சும்மா நிற்பார். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவரிடம் போய், "டாக்டர், என் கன்னுக்கு எதுல மார்க் குறைஞ்சுது?" என்று கேளுங்கள். கால் என்பார், நெஞ்சு அகலம் என்பார், தீவனம் என்பார். எது என்றாலும் அடுத்த கன்றுக்கு எந்தக் காளையின் விந்து, எந்தத் தீவனம் என்று முடிவெடுக்க அது போதும்.